வெயிலைப் பூசாமல் வெயில் வரைவது எப்படி?

முதலிலேயே ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் சுள்ளென்று வெயில் விழுந்து கிடக்கும் நீர்வண்ண ஓவியங்களைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். கண் கூசும். தரையில் கால் வைத்தால் சுடும் என்று தோன்றும். அந்த ஓவியங்களில் வெயிலை யாரும் பூசவே இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. வெயில் அடிக்கும் இடமெல்லாம் வெறும் காகிதம்!

எனக்கு இது தெரியவந்தது ஓர் ஓவியரின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்ததால். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். பழைய வீடுகளை நேரில் உட்கார்ந்துதான் வரைவார், போட்டோவைப் பார்த்து வரைவது அவருக்கு ஆகாது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தை மாதத்தில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் வரையப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் கூடவே ஒட்டிக்கொண்டேன். “வா. ஆனா நிழல் போட்டு முடிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேச்சுக் குடுக்கக்கூடாது” என்பது ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனை ஏன் என்று பிறகு புரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தூணைத் தடவவில்லை, கதவின் செதுக்கு வேலைகளைப் பார்க்கவில்லை. நேராக முகப்பின் நடுவில் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். “இங்கேருந்து பாரு.”

பார்த்தேன். நான் இருக்கும் முகப்பு, இருட்டு. அதற்கு அப்பால் வளவு முற்றம், அதாவது முதல் கட்டின் பெரிய முற்றம், வெளிச்சம். அதற்கு அப்பால் ஒரு நிலைவாசல், மறுபடி இருட்டு. அதன் வழியே இரண்டாம் கட்டின் சின்ன முற்றம், மறுபடி வெளிச்சம். இன்னொரு நிலைவாசல், இருட்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்கட்டு வாசல், உள்ளங்கை அகலத்துக்குப் பளீரென்று ஒரு வெள்ளைக் கட்டம். ஓர் ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்!

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. வாசல்களை ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பதால் தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். இந்த வீடுகள் என்றாலே நாம் பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று பொருள்களின் பெருமையைப் பேசுவோம். வரைகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது இந்த வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும் வரிசைதான். ஆழம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

கொடைக்கானலில் உட்கார்ந்து மலையை வரைந்தால் தூரத்து மலை தானாகவே நீலம் பூத்து மங்கிவிடும். காற்றும் ஈரமும் சேர்ந்து ஆழத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடும். வீட்டுக்குள் அந்தச் சலுகை கிடையாது. நூறு, நூற்றைம்பது அடிக்குள் காற்று என்ன செய்துவிடும்? பக்கத்துத் தூணும் கடைசித் தூணும் ஒரே தெளிவில்தான் தெரியும். அதனால் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று தாவித் தாவித்தான் கண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இந்தத் தாவலை அழகாகக் கையாண்டவர் ஒரு கொத்தனார் மகன் என்றால் நம்புவீர்களா? பீட்டர் டி ஹோக். 1629இல் ஹாலந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர், அப்பா செங்கல் வேலை பார்த்தவர். 1655இல் டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். 1658இல் அவர் வரைந்த டெல்ஃப்ட் வீட்டு முற்றம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சுமார் 73 சென்டிமீட்டர் உயரம், 60 அகலம், அவ்வளவுதான். வலப்பக்கம் ஒரு பணிப்பெண் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறாள். இடப்பக்கம் செங்கல் வளைவு, அதற்குள் நிழலான நடை, நடைக்குள் நமக்கு முதுகு காட்டி ஒரு பெண், அவளுக்கு அப்பால் தெருவின் வெளிச்சம். முற்றம் வெளிச்சம், நடை இருட்டு, தெரு வெளிச்சம். கானாடுகாத்தானில் நான் பார்த்த அதே வரிசை! வளைவின் மேலே எழுத்துப் பொறித்த ஒரு கல்லை வரைந்திருக்கிறார். அது கற்பனைக் கல் இல்லை, டெல்ஃப்டில் இன்றைக்கும் இருக்கிறது. செங்கற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொத்து வேலை நடந்த வீட்டில் வளர்ந்தவர் கண் அது.

இன்னொரு சங்கதி. டி ஹோக்கின் சில ஓவியங்களிலும் அதே ஊர்க்காரர் வெர்மீரின் பல ஓவியங்களிலும் ஓர் ஊசித் துளை கண்டுபிடித்திருக்கிறார்கள். கோடுகளெல்லாம் போய்க் கூடும் புள்ளியில் ஊசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, நூலில் சுண்ணப்பொடி தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் துணியில் கோடு விழும். அட, இது நம் ஆசாரி நூல் அடிக்கிற வேலைதானே! மரத்திலும் சுவரிலும் நம்மூரில் தினமும் நடப்பது.

அக்காவும் பையிலிருந்து எடுத்தது ஒரு குண்டூசியும் தையல் நூலும்தான். பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிய காகிதம், 300 ஜிஎஸ்எம், பருத்திக் கூழில் செய்தது. பின்கட்டு வாசலின் நடுவில், தன் கண்மட்டத்தில் ஊசியைக் குத்தினார். பொடி எல்லாம் இல்லை. நூலைத் தூணின் தலைக்கு இழுப்பார், 2பி பென்சிலால் மெல்லக் கீறுவார், திண்ணை விளிம்புக்கு இழுப்பார், கீறுவார். கண்மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்பெல்லாம் ஊசியை நோக்கி இறங்கின, கீழே உள்ளவை ஏறின. தரையில் உட்கார்ந்ததால் கண்மட்டம் மூன்றடிகூட இல்லை. அதனால்தான் தூண்கள் அப்படி ஓங்கி நிற்கின்றன! ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் இந்தக் கம்பீரம் பாதியாகக் குறைந்துவிடும் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

பிறகு தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, முழுக் காட்சியையும் மூன்றே டோனில் பென்சிலால் நிரப்பிப் பார்த்தார். காகித வெள்ளை, நடுத்தரம், இருட்டு. இவ்வளவு சின்னக் கட்டத்தில் என்ன கிடைத்துவிடும் என்று எட்டிப் பார்த்தால், அதிலேயே வெயில் அடித்தது.

ஏன் மூன்று டோன்? நேர் வெயிலில் முற்றத்துத் தரை மேல் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழும். உள் நடையில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. இடையே நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். காகிதத்தின் வெள்ளைக்கும் வண்ணத்தின் மிக ஆழ்ந்த கறுப்புக்கும் இடையே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20, 30 மடங்குதான். அப்படியே பெயர்த்து வைக்க வழியே இல்லை. கண்ணில் தெரியும் நூறு படிகளைக் கைக்குள் அடங்கும் மூன்று நான்கு படிகளாகச் சுருக்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்ற அந்த முடிவுதான் ஓவியரின் கையெழுத்து. செல்போன் கேமராவிடம் இதை விட்டால் ஒன்று நிழலைக் கரியாக்கும், அல்லது எல்லாவற்றையும் சமமாக வெளுத்து முற்றத்தைத் திருமண மண்டபமாக்கிவிடும்.

இதற்குள் வீட்டு ஆச்சி டவரா செட்டில் காபியோடு வந்துவிட்டார். பலகையை எட்டிப் பார்த்தார். “என்னாத்தா, இம்புட்டு நேரமாச்சு, இன்னும் வெள்ளையாவே கெடக்கு?” அக்கா, “அந்த வெள்ளைதான் ஆச்சி உங்க வீட்டு வெயிலு” என்றார். ஆச்சிக்கு அந்தப் பதிலில் திருப்தியில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், பார்த்தே தீருவது என்று.

மணி பத்து. அக்கா முற்றத்துத் தரையில் ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழல் எங்கே முடிகிறது, தூண் நிழல்கள் எங்கே விழுகின்றன என்று பென்சிலால் சரசரவென்று குறித்தார். அதற்குப் பிறகு நிஜ நிழலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அரை மணி நேரத்தில் தாழ்வார நிழல் ஓரடிக்கு மேல் பின்வாங்கிவிடும். நிழலைத் துரத்திக்கொண்டே வரைந்தால் ஓவியத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். அதனால் பத்து மணி நிழல் என்றால் கடைசிவரை பத்து மணி நிழல்தான்.

முதல் வாஷ், ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து, வெயில் விழும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும். அது காயும்வரை காபி.

இப்போது வருகிறது பேசக்கூடாத நேரம். சொல்லும்போதே எனக்குப் படபடக்கிறது.

பேலட்டில் அல்ட்ராமரைன் நீலம் ஒரு குளம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு குளம். பெரிய பிரஷ். அக்கா தூணுக்குத் தனி நிழல், தரைக்குத் தனி நிழல், உத்தரத்துக்குத் தனி நிழல் என்று போடவில்லை. தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில் தொடங்கி, தூண் வழியாக இறங்கி, திண்ணையைத் தாண்டி, முற்றத்துத் தரைவரை ஒரே நிழலாக, ஒரே ஈரமாக இறக்கினார். இடையில் எங்கும் பிரஷ் நிற்கவில்லை. நின்றால் விளிம்பு காய்ந்து தழும்பு விழும். எதிரே யாராவது “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாலும் போச்சு!

அந்த ஒரே நிழலுக்குள் நிறம் மாறிக்கொண்டே வந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தரைக்கு வந்தபோது பிரஷ் நீலக் குளத்தில் முங்கியது. தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில், ஈரம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தபோதே, பர்ன்ட் சியன்னாவும் ஒரு துளி மஞ்சளும் வைத்தார். அது தானாகப் பரவிக் கனன்றது. நான் தலையைத் தூக்கி நிஜ உத்தரத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது தணல் நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது! இத்தனை வருஷம் எத்தனை முற்றங்களில் நின்றிருக்கிறேன், ஓட்டுக்கு அடியில் இருட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

காரணம் எளிது. நிழலில் இருக்கும் தரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வானத்தின் நீலம் அதன்மேல் இறங்குகிறது. நிழலில் இருக்கும் உத்தரமோ கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெயில் பட்ட முற்றத்துக் கல்லிலிருந்து தெறித்து வரும் இளஞ்சூடான ஒளி தேக்கின்மேல் படுகிறது. தேக்கே செம்பழுப்பு, கேட்கவா வேண்டும்! மேலே பார்க்கும் நிழல் குளிர்ச்சி, கீழே பார்க்கும் நிழல் கதகதப்பு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் எந்த முற்ற ஓவியத்தையும் பார்த்தமாத்திரத்தில், வரைந்தவர் அங்கே உட்கார்ந்து பார்த்தாரா, கறுப்பை எடுத்து அப்பினாரா என்று சொல்லிவிடலாம்.

ஓவியர் எஸ். இளையராஜாவின் ஓவியங்களை நினைத்துக்கொண்டேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அதே கும்பகோணம் கல்லூரியில் படித்து, 2021இல் கொரோனாவுக்குப் பலியானவர். பழைய வீட்டுக்குள் நிற்பதாக அவர் வரைந்த பெண்களின் முகத்தில் நிழல் பக்கம்கூட உயிரோடு இருக்குமே, அது இந்தத் தெறிப்பொளியால்தான். ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டு, சுவரில் பட்டு, தாடைக்கு அடியில் போய்ச் சேரும். அவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாம்.

நிழல் காய்ந்துகொண்டிருந்தபோது அக்கா வாயைத் திறந்தார், எனக்கும் வாய் திறக்க அனுமதி கிடைத்தது. ஈரத்தில் இருந்ததைவிட நிழல் வெளுத்துக்கொண்டே போனது. நீர்வண்ணம் காயும்போது அப்படித்தான் வெளுக்கும், அதனால் போடும்போதே ஒரு பிடி கூடுதல் இருட்டாகப் போடுவாராம். அதற்குமேல் இன்னொரு பூச்சுக்கு அவர் ஒப்பவில்லை. பூசிய வண்ணத்தைத் தாண்டி ஒளி காகிதத்துக்குப் போய், பட்டுத் திரும்பி வருவதால்தான் நிழலுக்குள் காற்று இருப்பதுபோல் தெரிகிறது. மேலே மேலே பூசினால் அந்தப் பாதை அடைபட்டுப் போகும், நிழல் தார் பூசியதுபோல் ஆகிவிடும். அல்ட்ராமரைனின் துகள்கள் காகிதத்தின் சின்னச் சின்னக் குழிகளில் போய்ப் படிந்ததில், நிழல் சொரசொரப்பாகச் சுண்ணாம்புச் சுவர் போலவே தெரிந்தது. அதை யாரும் வரையவில்லை, காகிதமும் வண்ணமும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டது.

அடுத்து நிழலின் விளிம்புகள். இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தூண் நிழல் தூணின் காலடியில் கத்தி வெட்டியதுபோல் இருக்கிறது. அதுவே தரையில் ஓடி, சுவரில் ஏறி, உயரே போகப் போக மங்கிவிடுகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நிழல் எவ்வளவு தூரம் பயணம் செய்து விழுகிறதோ அதில் சுமார் 110இல் ஒரு பங்கு விளிம்பு மங்கும். 11 அடி தள்ளி விழுந்தால் ஓர் அங்குலத்துக்கும் மேல் மங்கல். அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தூணடியில் உலர்ந்த காகிதத்தில் கறாராக வெட்டினார், தாழ்வார நிழலின் விளிம்பை ஈரப் பிரஷால் ஒரு தடவு தடவி இளக்கினார். உடனே தாழ்வாரம் தரையிலிருந்து எழும்பி மேலே போய் நின்றது! உயரத்தை உயரத்தில் வரையவில்லை, தரையில் வரைந்தார்.

தூண் நிழல் திண்ணைப் படியில் ஏறும் இடத்தைப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். தரையில் சரிந்து வந்த பட்டை, படியின் முகத்தில் நிமிர்ந்து, படியின் மேல் மறுபடி சரிந்து போனது. இரண்டு இடத்தில் மடிந்த ஒரே பட்டை. படிக்கு என்று ஒரு கோடுகூடப் போடவில்லை, நிழல் மடிந்ததே படியாகிவிட்டது. ஆச்சி இந்த இடத்தில்தான், “அட, நம்ம படி!” என்றார்.

மீதமெல்லாம் விறுவிறுவென்று நடந்தது. நிலைவாசல்களின் இருட்டு, கதவுக் குமிழ்கள், பித்தளைப் பூண். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுப்பதால் முகம் வழுவழுவென்று இருக்கும். அதில் வாசல் வெளிச்சம் தலைகீழாக நீண்டு கிடந்ததை இரண்டே இழுப்பில் வைத்தார், தரை மினுங்கியது. முற்றத்துக்கு மேலே போட்டிருந்த கம்பி வலையின் நிழலை முழுக்க வரையாமல் நாலைந்து கட்டத்தை மட்டும் தொட்டு விட்டார். காய்ந்த பிறகு பிளேடு முனையால் ஒரு கீறல், முற்றத்தில் இருந்த செப்புக் கிடாரத்தின் விளிம்பில் வெயில் மின்னியது.

நான் மிகவும் ரசித்தது கடைசி வேலையை. அந்த ஊசி குத்திய பின்கட்டு வாசல், உள்ளங்கை அகல வெள்ளைக் கட்டம், அதுவரை காகித வெள்ளையாகவே இருந்தது. அதுதான் வீட்டிலேயே பளீரென்ற இடம், அப்படியே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அக்கா மஞ்சளை ஏறக்குறையத் தண்ணீராகவே கரைத்து அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டார். எனக்குப் பகீரென்றது. இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தால் வாசல் நூறு அடி பின்னால் போயிருந்தது! கலப்படமில்லாத வெள்ளை இப்போது வளவு முற்றத்தில் மட்டும் இருந்தது, அதனால் முற்றம் முன்னே வந்தது, வாசல் பின்னே நகர்ந்தது. இருட்டுக்கும் அதே நியாயம். முகப்பின் இருட்டு கனமானது, இரண்டாம் கட்டின் இருட்டு அதைவிடச் சற்று இளசு, மூன்றாவது இன்னும் இளசு. வீட்டுக்குள் காற்று செய்யாத வேலையை அவரே செய்துவிட்டார்.

மாஸ்கிங் டேப்பை உரித்தபோது நானும் ஆச்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாலு பக்கமும் நேர்த்தியான வெள்ளைக் கரை, நடுவில் பத்து மணி வெயில்.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் காலம் பார்த்துப் போங்கள். காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ வடக்கு 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில், நண்பகல் 12.15 வாக்கில், சூரியன் நேர் உச்சிக்கு வரும். தூணுக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். மார்கழியில் அதே நண்பகலில் 10 அடித் தூணுக்கு ஆறரை அடி நிழல் விழும். ஆகவே மார்கழி, தை, மாசி, காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். முகப்பில் தரையிலேயே உட்காருங்கள். ஒரு தாள், ஒரு 2பி பென்சில், தீப்பெட்டி அளவில் மூன்று டோன் போதும், வண்ணம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தள்ளிப்போடாதீர்கள். வருஷா வருஷம் இந்த வீடுகளில் சில பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தூணை யாராவது வாங்கிக்கொள்வார்கள். அதன் நிழலுக்கு அந்த முற்றம் வேண்டும்.